நிலமில்லாத காவல்காரர்கள்

கே: தேக்காவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை, கார், கட்டடம். இங்கே உட்கார்ந்துகொண்டு நிலம், காடு, பறவை என்று எழுதுகிறீர்களே, பொருத்தமாக இருக்கிறதா?
– பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர்

ப: உங்கள் தெருவின் பெயரிலேயே எருமை நிற்கிறது, அண்ணே! பக்கத்தில் கெர்பாவ் ரோடு. அதுவும் மலாயில் எருமைதான். கேகே மருத்துவமனையின் இரண்டு ‘கே’யும் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சேற்று நிலத்துப் புல்லும் இருந்ததால்தான் மாட்டு வியாபாரிகளும் பால்காரர்களும் இங்கே வந்து தங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பூக்கடையும் மளிகைக்கடையும் வந்தன. இங்குள்ள சிராங்கூன் சாலையின் பெயருக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்கூட ‘புரோங் ரங்கோங்’ என்ற கறுப்பு வெள்ளைச் சதுப்புநிலப் பறவைதான். பறவை போய்விட்டது, பெயர் பேருந்தின் நெற்றியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எருமையையும் பறவையையும் பெயரில் வைத்திருக்கும் இந்தக் கடைத்தெருவை விட்டுவிட்டு வேறெங்கே போய் எழுத?

கே: சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தை நடத்துவது அரசாங்கமா? தலைவருக்குச் சம்பளம் எவ்வளவு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

ப: அரசாங்கமும் இல்லை, சம்பளமும் இல்லை ஐயா. 1940-ல் தொடங்கிய மலாயா இயற்கைச் சங்கத்துக்கு 1954-ல் இங்கே ஒரு கிளை அமைந்தது. 1991-ல் அது தனிச் சங்கமாகி இப்போதைய பெயரைப் பெற்றது. அலுவலக வேலைக்குச் சிலர் ஊதியத்துக்கு இருக்கலாம். தலைவரும் செயற்குழுவும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் தொண்டூழியர்கள்.

தலைவர்களாக இருந்தவர்களைப் பாருங்கள். வீ யோ சின் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்தவர். கெ மின் கண் அறுவை மருத்துவர், சங்கத்தின் முதல் பெண் தலைவர், பிறகு நியமன நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஷான் லும் மரங்களை ஆராயும் கல்வியாளர். பகலெல்லாம் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் உழைத்துவிட்டு, இரவில் உட்கார்ந்து அமைச்சுக்கு அறிக்கை எழுதியவர்கள். அந்த அறிக்கைகளின் பக்கங்களைப் புரட்டினால் எனக்கு வியப்பைவிட நன்றிதான் முதலில் வருகிறது.

கே: அறிக்கை, மனு என்று அலைவதைவிடப் பணம் திரட்டி அந்த நிலத்தையே வாங்கிவிட்டால் என்ன?
– தொழிலதிபர், சிராங்கூன் கார்டன்

ப: பிரிட்டனில் 1895 முதல் தேசிய அறநிறுவனம் அதைத்தான் செய்கிறது. அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் நில அறக்கட்டளைகள் உண்டு. விவசாயி விற்கும் தோப்பை வாங்கி, இனி இதில் வீடு கட்டக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள்.

இங்கே அந்தக் கதவு திறக்காது. நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது. நாம் வாங்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடே 99 ஆண்டுக் குத்தகை. எந்தத் துண்டு நிலம் எதற்கு என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் சொல்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள். ஆகவே இங்குள்ள தொண்டூழியர் கையில் பத்திரம் கிடையாது, நோட்டுப் புத்தகம்தான் உண்டு. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இன்ன உயிர் இருந்தது என்ற கணக்கு. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். சிங்கப்பூரில் இன்று நாம் உலாவும் பல இடங்கள் அந்தக் கணக்கால் நின்றவை.

சுங்கை பூலோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் சங்கத்தின் பறவை ஆர்வலர்கள் அங்கே போனபோது இருந்தவை பழைய இறால் குட்டைகளும் சேறும். அந்த நிலம் வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. வங்கி அதிகாரியான ரிச்சர்ட் ஹேல், பறவையியலில் ஊறிய ஹோ ஹுவா சியூ, இளைஞர் சுபராஜ் ராஜதுரை முதலிய சிலர் திரும்பத் திரும்பப் போய் எண்ணினார்கள். வடகோளத்தில் குளிர் தொடங்கியதும் தெற்கே பறக்கும் உள்ளான்கள் இந்தச் சேற்றில் இறங்கி இரை தேடுவதைக் குறித்தார்கள். அதை அறிக்கையாக்கி அரசிடம் கொடுத்தார்கள். 1989-ல் 87 ஹெக்டேர் இயற்கைப் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. 1993-ல் திறப்பு. 2002-ல் 130 ஹெக்டேராக விரிந்து சட்டப் பாதுகாப்புள்ள இயற்கை வனப்பகுதியானது.

ஒரு வெள்ளிகூடக் கொடுத்து வாங்காத நிலம் அது.

கே: இந்த வரலாற்றில் தமிழர் யாராவது உண்டா, இல்லை வழக்கம்போல் நாம் வேடிக்கைதானா?
– வாசகி, ஈசூன்

ப: முன்வரிசையிலேயே உண்டு அம்மா. மேலே சொன்ன சுபராஜ் ராஜதுரை. பட்டம் வாங்கிவிட்டுக் காட்டுக்குள் போனவர் அல்ல. காட்டில் நடந்து நடந்தே கற்றவர். குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் காது அவருக்கு. சுங்கை பூலோ அறிக்கையில் பங்கேற்றபோது இருபதுகளில் இருந்தார். பிறகு சுற்றுலா வழிகாட்டியாகவும் ஆலோசகராகவும் வாழ்ந்து, யார் கூப்பிட்டாலும் காட்டைக் காட்டினார். 2019-ல், அறுபதைத் தொடுமுன்பே காலமானார். அவருடன் ஒருமுறை நடந்தவர்கள் இன்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள்.

இன்னொருவர் என். சிவசோதி. பல்கலைக்கழக ஆசிரியர். நீர்நாய்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. அனைத்துலகக் கடலோரத் தூய்மைப் பணியைச் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தவர். அங்கே குப்பையைப் பொறுக்கிப் பையில் போடுவதோடு வேலை முடியாது. எத்தனை ஸ்ட்ரா, எத்தனை பாட்டில், எத்தனை நெகிழிப்பை என்று அட்டையில் குறிக்க வேண்டும். மறுபடியும் கணக்குத்தான், கவனித்தீர்களா?

இவர்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்ல ஒரு சின்னப் புத்தகமாவது வேண்டும். இந்த ஆதங்கம் எனக்குப் பல வருடங்களாக இருக்கிறது.

கே: நான் இப்போது குடியிருப்பது பிடாடாரி. என் வீடு வந்ததால் பறவைகளின் வீடு போனதாக ஒரு நண்பர் சொன்னார். மனம் கஷ்டப்படுகிறது.
– புதிய குடியிருப்பாளர், உட்லீ

ப: நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பாதிக் கதை, மீதியையும் கேளுங்கள்.

பிடாடாரி 1907 முதல் 1972 வரை இடுகாடு. இந்தியர், சீனர், மலாய்க்காரர், யுரேஷியர் என்று எல்லாருடைய முன்னோரும் அங்கே உறங்கினார்கள். கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்ட பிறகும் மரங்கள் நின்றன. ஆள் நடமாட்டம் குறைவு, பெரிய மரம், நிறைய கம்பளிப்புழு. கடல் கடந்து வரும் பறவைக்கு வேறென்ன வேண்டும்? வலசைக் காலத்தில் சிங்கப்பூரின் பறவை ஆர்வலர்கள் பாதிப் பேர் அப்பர் சிராங்கூன் சாலையோரம் நிற்பார்கள்.

ஒரு நவம்பர் காலையில் நானும் போயிருந்தேன். எனக்குத் துணையாக வந்த பெரியவர் சங்கத்தின் பழைய தொண்டூழியர். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு, ரப்பர் பேண்டு போட்டது, மழைக்குப் பயந்து நெகிழிப்பைக்குள். பென்சில்தான், பேனா இல்லை. ஈரத்தில் மை கரைந்துவிடுமாம். திடீரென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பத்தடி தள்ளி, உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, நீலச் சிறகும் பழுப்பு மார்பும் சிவந்த அடிவயிறுமாக ஒன்று தத்தித் தத்திப் போனது. நம் ஊர் ஆறுமணிக்குருவியின் ஒன்றுவிட்ட உறவு. இலையைப் புரட்டும், நிற்கும், மறுபடி புரட்டும். அவர் கடிகாரத்தைப் பார்த்து 7.40 என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு கோடு. “ஒன்றுதானா?” என்றேன். “ஒன்று பார்த்தால் ஒன்று எழுத வேண்டும், தம்பி” என்றார்.

அப்படிச் சேர்ந்த கோடுகளை வைத்துத்தான் சங்கம் பேசியது. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் அங்கே பதிவாகியிருந்தன. கேட்ட அளவு கிடைக்கவில்லை. ஏறத்தாழ 10,000 வீடுகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆனால் 13 ஹெக்டேர் பூங்காவும், மேட்டு நிலத்து மரங்களில் ஒரு பகுதியும் தங்கின. பூங்கா 2024-ல் திறந்தது. உங்கள் சன்னலுக்கு வெளியே அது இருப்பதற்கு, முகம் தெரியாத யாரோ பல விடியற்காலைகளில் தூக்கத்தை விட்டதும் ஒரு காரணம். வீடு வாங்கியதற்காக வருந்தாதீர்கள். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அலாரம் வைத்து எழுந்து, அந்த மேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள்.

கே: தோற்றதே இல்லையா இவர்கள்?
– மாணவர், ஹவ்காங்

ப: தோற்றிருக்கிறார்கள். செனோக்கோவில் பறவைகள் நிறைந்த ஈரநிலத்தைக் காக்க 1994-ல் சுமார் 25,000 பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். வீடுகள் வந்தன. கையெழுத்து எண்ணிக்கைக்கும் முடிவுக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம் என்பதை அன்று கற்றார்கள். ஆனாலும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்துக்குப் போனார்கள். எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது அங்கேதான்.

கே: எங்களுக்குத் திருமணமாகி மூன்று வருடம். வீவக வீட்டுக்குக் காத்திருக்கிறோம். எங்களுக்கு வீடு முக்கியமா, குருவிக்கு மரம் முக்கியமா?
– இளம் தம்பதி, செங்காங்

ப: உங்களுக்கு வீடு வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. மாமியார் வீட்டு ஓர் அறைக்குள் மூன்று வருடம் ஓட்டுவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் குருவியோடு உங்களைப் போட்டிக்கு நிறுத்தியது யார்? நாட்டின் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் சாலை, விமான நிலையம், ராணுவப் பயிற்சி, தொழிற்பேட்டை, கோல்ஃப் மைதானம் எல்லாமே அடக்கம். 1992-ல் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துக் காட்டை அழித்துக் கட்டவிருந்தது உங்கள் வீட்டை அல்ல, ஒரு கோல்ஃப் மைதானத்தை. வீ யோ சின் தலைமையில் சங்கம் சொந்தச் செலவில், சொந்த உழைப்பில் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு ஒன்றைத் தயாரித்தது. 17,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

இன்று காற்று வேறு பக்கம் வீசுகிறது. கெப்பல் கோல்ஃப் மன்றத்தின் குத்தகை 2021 இறுதியில் முடிந்தது. அந்த இடத்தில் பல ஆயிரம் வீடுகள் வரவிருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி வீவக வீடுகள். ஏற்கெனவே வெட்டிய நிலத்தில் முதலில் கட்டுங்கள், நிற்கும் காட்டைக் கடைசியில் தொடுங்கள் என்பதுதான் தொண்டூழியர்கள் இத்தனை காலமாகக் கேட்பது. உங்கள் வீட்டுக்கு இதில் எதிரி யாரும் இல்லை.

கே: குறுக்குத் தீவு ரயில் பாதை கடைசியில் காட்டுக்கு அடியில்தானே போகிறது? இத்தனை வருடம் பேசி என்ன கிடைத்தது?
– ரயில் பயணி, புவாங்கோக்

ப: ஆழம் கிடைத்தது. தீவின் நடுவே உள்ள நீர்ப்பிடிப்புக் காட்டைச் சுற்றிக்கொண்டு போகும்படி சங்கம் கேட்டது. அதற்குச் சுமார் 200 கோடி வெள்ளி கூடுதலாகும் என்றார்கள். 2019 டிசம்பரில் நேர்வழியே முடிவானது. ஆனால் சுரங்கம் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில், காட்டின் தரையில் கட்டுமானம் எதுவும் இல்லாமல். அதற்கு முன் மண்ணைச் சோதிக்கக் காட்டுக்குள் 72 துளை போடுவதாக இருந்தது, 16 ஆகக் குறைந்தது. அந்த 56 துளைகளின் இடத்தில் இன்றும் செடியும் வேரும் இருக்கின்றன. இது வெற்றியா என்று கேட்டால், முழுதாக இல்லை. வீணா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை.

கே: செக் ஜாவா காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாமா?
– கயாக் ஓட்டுபவர், பாசிர் ரிஸ்

ப: நிம்மதியாகப் போய்ப் பாருங்கள், நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். பூலாவ் உபினின் கிழக்கு முனையில் கடல் வடியும்போது வெளியே வரும் அந்த மணல்திட்டில் 2001-ல் நிலமீட்பு தொடங்குவதாக இருந்தது. ஜோசஃப் லாய் என்ற தாவரவியலாளர் முதலில் குரல் கொடுத்தார். அருங்காட்சியகத் தொண்டூழியர்கள் வற்றுக்கடலில் இறங்கி ஒவ்வோர் உயிராகப் பதிந்தார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து நட்சத்திரமீனைப் பார்த்தார்கள். நிலமீட்பு தள்ளிவைக்கப்பட்டது. ‘வளர்ச்சிக்குத் தேவைப்படாத வரை’ என்பது அந்த முடிவின் வாசகம். சுங்கை பூலோவுக்கு இருக்கும் சட்டக் காப்பு செக் ஜாவாவுக்கு இல்லை. அது வர வேண்டும் என்பது என் ஆசை, இந்தப் பத்தியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கே: எங்கள் ஊரில் நீதிமன்றத்துக்குப் போவோம், சாலையில் உட்காருவோம். அங்கே கடிதம் எழுதிக்கொண்டு இருக்கிறீர்களே!
– வாசகர், கோத்தகிரி

ப: கோத்தகிரிக்காரரா? உங்கள் லாங்வுட் சோலையை நினைத்தாலே எனக்குப் பொறாமை. 116 ஹெக்டேர் சோலைக்காடு, கீழே பல கிராமங்களுக்குக் குடிநீர். அதை வனத்துறையோடு சேர்ந்து காத்தது உங்கள் ஊர்க்காரர்களின் கண்காணிப்புக் குழுதானே? விறகு வெட்டு நின்று, அயல்மரங்கள் நீங்கி, சோலை மீண்டது. 2024 ஜனவரியில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கும் அடிப்படை வேலை வழக்கு இல்லையே, தினமும் போய்ப் பார்த்ததுதானே?

பசுமைத் தீர்ப்பாயம் உங்களுக்கு இருப்பது பெரிய பலம். இங்கே வழிமுறை வேறு. மூடிய அறையில் அதிகாரிகளோடு வருடக்கணக்கில் பேச வேண்டும், பேசியதை வெளியே சொல்லவும் எப்போதும் முடியாது. பொறுமைக்குப் பெயர் கிடைக்காத வேலை. சங்கத்துக்குள்ளேயே சிலர் “இன்னும் உரக்கப் பேசுங்கள்” என்பார்கள், சிலர் “கதவு மூடிவிடும்” என்பார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த நாளில் எதைச் செய்வது என்று தீர்மானிப்பதுதான் தலைவர் வேலை.

கே: நான் ஒரு தமிழ்ச் சங்கத்தின் துணைச் செயலாளர். எங்களுக்கு நாற்காலிச் சண்டையே பெரும்பாடு. இவர்களிடம் கற்றுக்கொள்ள எதுவும் உண்டா?
– பெயர் வேண்டாம் என்றவர், சிராங்கூன் சாலை

ப: முதலில் ஒரு விதி. அறநிறுவன ஆளுகை நெறிமுறைப்படி ஒருவரே நான்கு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பொருளாளராக இருக்கக் கூடாது. உங்கள் சங்கத்தில் எத்தனை ஆண்டு?

அடுத்து, வேலையைப் பங்கிட்ட விதம். பறவைக் குழு, தாவரக் குழு, வண்ணத்துப்பூச்சிக் குழு, கடல் குழு என்று தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் வேறு தலைமை. மேடை ஒன்றாக இருந்தால் ஒரே நாற்காலிக்கு ஒன்பது பேர் நிற்பார்கள். வேலை ஒன்பதாக இருந்தால் ஒன்பது நாற்காலியும் நிறைந்துவிடும். நானும் ஒரு காலத்தில் ஒரு சங்கத்தின் செயற்குழுவில் இருந்தேன். கூட்டக் குறிப்புப் புத்தகம் ஒருவர் வீட்டுப் பீரோவுக்குள் போய் மூன்று வருடம் வெளியே வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். சங்கத்தின் நினைவே அந்தப் பீரோவில் பூட்டிக் கிடந்தது. 1986-ல் எண்ணிய பறவைக் கணக்கை யாரோ பத்திரமாக வைத்து அடுத்தவர் கையில் கொடுத்ததால்தான் இன்றைய இளைஞர், பறவை கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடிகிறது. போய் முதலில் அந்த நோட்டுகளைத் தேடுங்கள் ஐயா.

கே: ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. அன்று தேக்காவுக்கு வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களைப் பார்ப்போம். எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?
– கட்டுமான ஊழியர், சுங்கை காடுட்

ப: உங்களுக்கு இல்லாத இடமா, தம்பி? தங்கியிருக்கும் இடத்திலிருந்து சுங்கை பூலோ பக்கம்தான், நுழைவுக்குக் காசு கிடையாது. சிராங்கூன் ஆற்றோரம் லோரோங் ஹாலுஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. 1999 வரை நகரத்தின் குப்பைமேடு. இன்று அங்கே குப்பையிலிருந்து கசியும் நீரை நாணலும் கோரையும் சுத்தம் செய்கின்றன, நீலத்தாழைக் கோழிகள் நடமாடுகின்றன. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டையும் பள்ளிக்கரணையையும் பார்த்தவருக்கு அங்கே நின்றால் பல எண்ணம் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். வயலிலும் கண்மாய்க்கரையிலும் வளர்ந்தவர்கள் நீங்கள். கொக்கு வேறு, மடையான் வேறு என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கண் இந்த ஊர்ச் சங்கங்களுக்குத் தேவை. அவர்கள் உங்களைத் தமிழில் கூப்பிட வேண்டும், இது அவர்களுக்கு என் வேண்டுகோள்.

கே: எனக்கு 13 வயது. பறவைகள் பிடிக்கும். பெரியவர்கள் என் பேச்சைக் கேட்பார்களா?
– உயர்நிலை ஒன்று மாணவி, பூன் கெங்

ப: பேச்சைக் கேட்காவிட்டாலும் நோட்டைப் பார்ப்பார்கள், கண்ணு. உங்கள் புளோக்கின் கீழே ஒரு மழைமரம் நிற்கும். நாளைக் காலை பள்ளிக்குப் போகுமுன் பத்து நிமிடம் அதன் அடியில் நில். மைனா எத்தனை, குயில் கூவியதா, மாங்குயில் வந்ததா, பார். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுது, மூக்கை வரை. அடுத்த வாரமும் அதே மரம், அதே நேரம். ஒரு வருடம் கழித்து அந்த நோட்டை எனக்கு அனுப்பு, இந்தப் பக்கத்தில் போடுகிறேன். பென்சிலால் எழுது, தேதியையும் நேரத்தையும் விட்டுவிடாதே.